கணக்குப் பாடத்தை வாரமாகத் திட்டமிடுதல்

ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் கணக்குப் பாடத்தைத் திட்டமிட ஏற்ற அளவு ஒரு வாரம். ஒரு பாடவேளை போதாது. வருகைப் பதிவும் வீட்டுப்பாடம் பார்ப்பதும் போக, மிஞ்சும் அரைமணி நேரத்துக்குள் ஒரு புதுக் கருத்தை அறிமுகப்படுத்தி, பழக்கி, புரிந்ததா என்றும் பார்த்துவிட முடியாது. பருவம் முழுவதற்குமான திட்டம் தேவைதான். ஆனால் வகுப்பு அந்தத் திட்டத்தின்படி நடப்பதில்லை. மூன்றாவது வாரத்திலேயே இரண்டும் விலகிவிடுகின்றன. ஒரு கருத்தைத் தொடங்கி, மாணவர்கள் எந்த இடத்தில் தடுக்குகிறார்கள் என்று கண்டு, அதைச் சரிசெய்து, பழக்கி முடிக்க ஐந்து நாள் வேண்டும். ஐந்து நாள் போதும்.

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் (2009) இந்த மூன்று வகுப்புகளுக்கும் ஆண்டுக்குக் குறைந்தது 220 வேலை நாள்களும் 1000 மணி நேரக் கற்பித்தலும் இருக்க வேண்டும் என்கிறது. அதே சட்டத்தின் அட்டவணை ஆசிரியரின் வேலை நேரத்தை, தயாரிப்பையும் சேர்த்து, வாரத்துக்கு 45 மணி என்று வகுத்திருக்கிறது. பாடம் தயாரிப்பதும் வேலை நேரத்தின் பகுதியே என்பதைப் பள்ளிகள் கால அட்டவணை போடும்போது நினைவில் கொள்வது நல்லது. 220 நாள் என்றால் ஐந்து நாள் கொண்ட 44 வாரங்கள். தேர்வு வாரங்கள், தேர்வுக்கு முந்தைய திருப்புதல், விளையாட்டு விழா, உள்ளூர் விடுமுறை ஆகியவற்றைக் கழித்தால், புதிய பாடம் நடத்தக் கிடைக்கும் வாரங்கள் இதைவிட நிறையக் குறையும். ஆகவே பருவம் தொடங்கும் முன்பே ஒரு நாள்காட்டியில் இந்த நாள்களை அடித்துவிட்டு, மீதமிருக்கும் முழு வாரங்களை எண்ணி வைத்துக்கொள்வதுதான் முதல் வேலை. பாடநூலின் இயல்களை அந்த வாரங்களுக்குப் பகிர்ந்துவிட்டால், ஒவ்வொரு வாரமும் தன் எல்லையோடு கையில் கிடைக்கும்.

வாரத்துக்கு ஒரு கருத்து

வாரத் திட்டங்கள் பல பக்க எண்களாகவே எழுதப்படுகின்றன: திங்கள் பயிற்சி 1.1, செவ்வாய் பயிற்சி 1.2 என்று. இது ஆசிரியர் செய்யப்போகும் வேலையின் பட்டியல். வெள்ளிக்கிழமை மாணவர் எதைச் செய்யக் கூடியவராக இருப்பார் என்பதை இது சொல்வதில்லை. திட்டத்தின் முதல் வரி ஒரே வாக்கியமாக, மாணவரை எழுவாயாகக் கொண்டு அமைய வேண்டும். "மாணவர் வேற்றினப் பின்னங்களைக் கூட்டும்போது, முதலில் இரண்டையும் ஒரே அளவுள்ள துண்டுகளாக மாற்ற வேண்டும் என்பதை அறிந்து, காரணம் சொல்லிச் செய்வார்" என்பது அத்தகைய வாக்கியம். "பின்னங்களின் கூட்டல், கழித்தல், கலப்பு பின்னம்" என்பது பாடநூல் தலைப்புகளின் அடுக்கு மட்டுமே.

வாக்கியம் எழுதியதும் அடுத்து எழுத வேண்டியது வெள்ளிக்கிழமை கேட்கப்போகும் இரண்டு கேள்விகளை. முடிவைத் தெரிந்துகொண்டு பின்னோக்கி வந்தால்தான் திங்கள், செவ்வாயில் எதை விட்டுவிடலாம் என்று தெரியும். தமிழ்நாட்டுப் பாடநூலில் உள்ள எல்லாக் கணக்கையும் வகுப்பில் போட்டுக் காட்ட வேண்டியதில்லை. "இவற்றை முயல்க" பகுதியிலுள்ள சிறு வினாக்கள் பெரும்பாலும் நீண்ட பயிற்சிகளைவிட வகுப்புப் பேச்சுக்கு ஏற்றவை. "மேற்சிந்தனைக் கணக்குகள்" வேகமாக முடிக்கும் மாணவர்களுக்கு என்று ஒதுக்கிவைக்கப்படுகின்றன. அவற்றில் ஒன்றையாவது எல்லோரும் சேர்ந்து முயலும்படி வாரத்துக்குள் கொண்டுவருவது நல்லது.

ஒரு வாரம், முழுமையாக

ஆறாம் வகுப்பின் மூன்றாம் பருவப் பாடநூல் பின்னங்களில் தொடங்குகிறது. அதில் வேற்றினப் பின்னங்களின் கூட்டலுக்கு ஒரு வாரம், ஆறு பாடவேளைகள் கிடைப்பதாகக் கொண்டால் திட்டம் இப்படி அமையலாம்.

முதல் பாடவேளையில் புதிதாக எதுவும் இல்லை. வேற்றினப் பின்னக் கூட்டலுக்கு முன்தேவைகள் இரண்டு: சமான பின்னங்களும், இரண்டாம் பருவத்தில் படித்த மீச்சிறு பொது மடங்கும். ஆறேழு சிறு கேள்விகளில் இவை நினைவில் இருக்கின்றனவா என்று பார்த்துவிடலாம். கேள்விகள் வாய்மொழியாகவே தொடங்கட்டும். அரையும் காலும் சேர்ந்தால் எவ்வளவு என்றால், பின்னம் தெரியாது என்று சொல்லும் மாணவரும் முக்கால் என்று சொல்வார். கடையில் அரைக் கிலோவும் கால் கிலோவும் வாங்கிப் பழகிய அறிவு அது. அதைக் கரும்பலகையில் 1/2 + 1/4 = 3/4 என்று எழுதிவிட்டால், வாரம் முழுவதும் திரும்பிப் பார்க்க ஓர் உறுதியான விடை கிடைத்துவிடுகிறது. அதே வேளையில் 2/3-க்குச் சமமான மூன்று பின்னங்களை எழுதச் சொல்ல வேண்டும். கணிசமானவர்கள் இதில் தடுக்கினால் இரண்டாம் பாடவேளையின் பாதியைச் சமான பின்னங்களுக்கே கொடுக்க வேண்டியிருக்கும். அதை இப்போதே அறிவது நல்லது. வாய்ப்பாடு தெரியாதவர்கள் நிச்சயம் இருப்பார்கள். அவர்களைப் பின்னம் கற்பதிலிருந்து தள்ளி வைக்கக் கூடாது. பெருக்கல் கட்டம் ஒன்றைச் சுவரில் ஒட்டி, யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டால் பாடம் நிற்காது. வாய்ப்பாட்டுப் பயிற்சி தனியே, நாளுக்குச் சில நிமிடங்களாக, நடந்துகொண்டிருக்கட்டும்.

இரண்டாம் பாடவேளை காகிதத்துக்கும் கட்டத்துக்கும் உரியது. அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1966இல் வெளியிட்ட நூலில், குழந்தைகள் ஒரு கருத்தைச் செயலாகவும் படமாகவும் குறியீடாகவும் அறிகிறார்கள் என்றார். அந்த வரிசை பின்னத்துக்கு மிகவும் பொருந்துகிறது. ஒரு தாளை இரண்டாகவும் பிறகு நான்காகவும் மடித்தால் 1/2 என்பது 2/4 ஆவது கண்ணுக்குத் தெரிகிறது. மூன்றாக மடிப்பது சிரமம். அங்கே கட்டம் போட்ட நோட்டு உதவும். இரண்டு வரிசையும் மூன்று நெடுவரிசையும் கொண்ட ஒரு செவ்வகத்தை வரைந்தால் மொத்தம் ஆறு கட்டங்கள். ஒரு வரிசை, அதாவது பாதி, மூன்று கட்டங்கள். ஒரு நெடுவரிசை, அதாவது மூன்றில் ஒன்று, இரண்டு கட்டங்கள். சேர்ந்தால் ஆறில் ஐந்து. 1/2 + 1/3 = 5/6 என்பதற்கு விதி எதுவும் இதுவரை சொல்லப்படவில்லை. சொல்லாமல் இருப்பதில் ஆசிரியர் பிடிவாதமாக இருக்க வேண்டும். வகுப்பில் யாரேனும் ஒருவர் வீட்டிலோ தனிப்பயிற்சியிலோ கற்ற குறுக்குப் பெருக்கல் முறையைச் சொன்னால், அதைப் பலகையின் ஓரத்தில் எழுதிவைத்து, அது ஏன் சரியாக வருகிறது என்று வியாழக்கிழமை பார்க்கலாம் என்று சொன்னால் போதும்.

மூன்றாம் பாடவேளையில் குறியீட்டு முறை வருகிறது. இங்கே எண்களின் தேர்வுதான் பாடத்தின் உயிர். முதலில் 1/3 + 1/6: ஒரு பகுதி மற்றொன்றின் மடங்கு, ஒன்றை மட்டும் மாற்றினால் போதும். அடுத்து 2/3 + 1/4: இரண்டையும் மாற்ற வேண்டும், பகுதிகளின் பெருக்கல்பலனே மீச்சிறு பொது மடங்கு. மூன்றாவதாக 1/4 + 1/6: பெருக்கினால் 24, மீச்சிறு பொது மடங்கு 12. சிலர் 10/24 என்றும் சிலர் 5/12 என்றும் எழுதுவார்கள். இரண்டும் சரி. 10/24 எழுதியவருக்குத் தவறு போட்டுவிட்டால், அவர் கற்ற உண்மையான விஷயத்தை ஆசிரியரே அழித்தவராகிறார். இரண்டு விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, அவை சமான பின்னங்கள் என்று வகுப்பே கண்டுபிடிக்கும்படி விட வேண்டும். இந்த வரிசையைக் கலைத்து, பயிற்சியில் உள்ள எண்களை வந்தபடி போட்டால், மாணவர்கள் ஒரே நேரத்தில் மூன்று சிக்கல்களைச் சந்திக்கிறார்கள். எதில் தவறினார்கள் என்று அவர்களுக்கும் தெரியாது, ஆசிரியருக்கும் தெரியாது.

கேள்வி கேட்டபின் காத்திருப்பதையும் திட்டத்தில் எழுதிக்கொள்ளலாம். வகுப்பறைகளில் ஆசிரியர்கள் கேள்விக்குப் பிறகு சராசரியாக ஒரு விநாடியே காத்திருக்கிறார்கள் என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் பதிவு செய்தார். அது மூன்று விநாடியைத் தாண்டும்போது விடைகள் நீளமாகவும் காரணத்தோடும் வருகின்றன என்பதும் அவர் கண்டது. "2/3, 1/4 இரண்டும் சேர்ந்தால் ஒன்றைவிடக் கூடுமா, குறையுமா?" என்பது போன்ற கேள்விக்கு அந்த அமைதி அவசியம்.

துண்டுச்சீட்டு

மூன்றாம் பாடவேளையின் கடைசி ஐந்து நிமிடம் வாரத்திலேயே மிக மதிப்புள்ள நேரம். ஒவ்வொருவரும் ஒரு துண்டுச்சீட்டில் ஒரே ஒரு கணக்கைப் போட்டுக் கொடுக்கிறார்கள்: 1/4 + 1/3. இதற்கு 1/2 + 1/4-ஐக் கொடுக்கக் கூடாது. மனப்பாடமாகவே விடை வந்துவிடும், எதுவும் தெரியவராது.

சீட்டுகளை நான்கு குவியலாகப் பிரிக்கப் பத்து நிமிடம் போதும். 7/12 எழுதியவர்கள் ஒரு குவியல். 2/7 எழுதியவர்கள் தொகுதியைத் தொகுதியோடும் பகுதியைப் பகுதியோடும் கூட்டிவிட்டார்கள். பின்னத்தை ஒரே எண்ணாகக் காணாமல் மேலும் கீழுமாக இரண்டு எண்களாகக் காண்கிறார்கள். 2/12 எழுதியவர்கள் வேறு ரகம்: பொதுப் பகுதி வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும், 12-ஐயும் கண்டுபிடித்துவிட்டார்கள், ஆனால் தொகுதிகளை மாற்றாமல் விட்டுவிட்டார்கள். நான்காவது, எதுவும் எழுதாதவர்கள். பிழையாக வந்த இரண்டு குவியலுக்கும் ஒரே மறுபாடம் நடத்துவது வீண். 2/7 எழுதியவருக்கு 1/2 + 1/3 = 2/5 என்று எழுதி, 2/5 பாதியைவிடப் பெரியதா சிறியதா என்று கேட்க வேண்டும். பாதியோடு ஏதோ ஒன்றைச் சேர்த்தபின் விடை பாதியைவிடக் குறைந்துபோயிருப்பதை அவரே பார்த்தால், பழைய முறையில் அவருக்கிருந்த நம்பிக்கை ஆட்டம் காணும். 2/12 எழுதியவருக்கு இது தேவையில்லை. அவர் மறுபடி கட்டச் செவ்வகத்துக்குப் போய், 1/4 என்பது பன்னிரண்டில் எத்தனை கட்டம் என்று எண்ணினால் போதும். எழுதாதவர்களிடம் தனியே பேசிப் பார்க்க வேண்டும். கணக்கு தெரியாமையும், தவறிவிடுவோம் என்ற பயமும் தாளில் ஒரே மாதிரிதான் தெரியும்.

இந்தச் சீட்டுகளுக்கு மதிப்பெண் கிடையாது என்பதை மாணவர்களுக்குத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். தேசியக் கலைத்திட்டச் சட்டகம் 2005க்காகக் கணிதக் கற்பித்தல் பற்றி ஆராய்ந்த குழு, சென்னை கணித அறிவியல் நிறுவனத்தின் ஆர். ராமானுஜம் தலைமையில் இயங்கியது. பள்ளிக் கணிதத்தின் முக்கியச் சிக்கல்களில் முதலாவதாக அது குறித்தது, பெரும்பான்மைக் குழந்தைகளிடம் இருக்கும் அச்சத்தையும் தோல்வி உணர்வையும்தான். மதிப்பெண் போட்ட சீட்டில் பக்கத்து மாணவரின் விடை வரும். மதிப்பெண் இல்லாத சீட்டில்தான் அவரவர் விடை வரும். வளரறி மதிப்பீட்டுக்கான 40 மதிப்பெண்ணுக்கு வேறு செயல்பாடுகளும் சிறு தேர்வுகளும் இருக்கின்றன. அவற்றோடு இதைக் கலக்க வேண்டாம்.

திறந்து வைத்த பாடவேளை

நான்காம் பாடவேளைக்கு ஞாயிற்றுக்கிழமை பாடக்குறிப்பு எழுத முடியாது. சீட்டுகள் சொல்வதைக் கொண்டே அது தீர்மானமாகும். எழுதிவைக்கக் கூடியது இரண்டு வழிகள். வகுப்பில் பெரும்பாலோர் 7/12-ஐ எட்டியிருந்தால், கழித்தலுக்கும், 5/6 + 3/4 போல ஒன்றைத் தாண்டும் கூட்டலுக்கும் போகலாம். 19/12 என்பதை 1 7/12 என்று கலப்பு பின்னமாக எழுதுவது இங்கே இயல்பாக வந்துவிடும். தடுக்கியவர்களை ஆசிரியர் ஒரு பக்கம் அமர்த்திக் கட்டத்தோடு பார்க்கலாம். பாதிப் பேருக்கு மேல் தவறியிருந்தால் புதிய பாடத்தை நிறுத்திவிட வேண்டும். அன்றைக்குக் கழித்தலைத் தொடங்குவது, பாடத்திட்டம் முடிந்துவிட்டது என்ற கணக்கை மட்டுமே காப்பாற்றும், மாணவரைக் காப்பாற்றாது. இப்படி ஒரு பாடவேளையை வேண்டுமென்றே திறந்து வைத்திருப்பதுதான் வாரத் திட்டத்தைப் பாடப் பட்டியலிலிருந்து வேறாக்குகிறது. ஆய்வுக்கு வரும் அலுவலர் கேட்டால் காட்டுவதற்கு அந்த இரண்டு வழிகளும் எழுதப்பட்டு இருக்கின்றன. பாடவேளை திறந்திருப்பதைக் குறையாகக் கருத வேண்டியதில்லை.

ஐந்தாம் பாடவேளை சொற்கணக்குகளுக்கு. இதில் மாணவர்களே கணக்கு எழுதுவது சிறந்தது: "2/3 + 1/4-ஐ விடையாகத் தரும் ஒரு நிகழ்வை எழுதுக" என்று இருவர் இருவராகக் கொடுத்தால், பின்னம் புரிந்தவரும் விதியை மட்டும் பிடித்துக்கொண்டவரும் உடனே பிரிந்து தெரிவார்கள். "ராமுவிடம் 2/3 மாம்பழம், சீதாவிடம் 1/4 ஆரஞ்சு" என்று எழுதியவருக்கு, முழுமை ஒன்றாக இருந்தால்தான் கூட்ட முடியும் என்பது இன்னும் எட்டவில்லை. ஆறாம் பாடவேளையில் முன்பே எழுதிவைத்த இரண்டு கேள்விகளும், பழைய பாடங்களின் கலவைப் பயிற்சியும் இடம்பெறும்.

பழைய பாடத்துக்கு இடம்

நடத்தி முடித்த பாடம் மறந்துபோவது மாணவரின் அலட்சியமல்ல, மனித நினைவின் இயல்பு. ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மான் எபிங்ஹாஸ் 1885இலேயே இதை அளந்து காட்டினார். இடைவெளி விட்டு மறுபடி மறுபடி நினைவுக்குக் கொண்டுவருவதே மருந்து. ஒவ்வொரு பாடவேளையும் மூன்று கேள்விகளோடு தொடங்கலாம்: ஒன்று நேற்றையது, ஒன்று கடந்த மாதத்தது, ஒன்று முந்தைய பருவம் அல்லது வகுப்பினது. பின்னம் நடக்கும் வாரத்தில் விகிதமும் இயற்கணிதமும் இப்படித்தான் உயிரோடு இருக்கும். ஐந்து நிமிடத்துக்கு மேல் இது போகக் கூடாது.

வீட்டுப்பாடத்துக்கும் இதே அளவுகோல். ஒரே வகைக் கணக்குகள் இருபது கொடுத்தால் மாணவர் முதல் இரண்டைப் பார்த்து மீதியை அதே அச்சில் போட்டுவிடுவார்; எந்த முறையைத் தேர்வது என்ற யோசனை அங்கே நடப்பதில்லை. அன்றைய பாடத்தில் இரண்டும் பழையதில் இரண்டும் போதும். மறுநாள் விடைகளைப் பலகையில் எழுதிவிட்டால் மாணவர்களே சரிபார்த்துக்கொள்வார்கள். பலரும் தவறிய ஒன்றை மட்டும் வகுப்பில் எடுத்துப் பேசலாம்.

மூன்று வகுப்பும் ஒருவரிடம் இருக்கும்போது

சிறிய நடுநிலைப் பள்ளிகளில் ஆறு, ஏழு, எட்டு மூன்றுக்கும் கணக்கு நடத்துபவர் ஒருவரே. பல இடங்களில் அறிவியலும் அவர் தலையில்தான். மேலே சொன்ன வாரத்தை மூன்று வகுப்புக்கும் ஒரே நாளில் தொடங்கினால் அவர் தாங்கமாட்டார். வகுப்புகளைப் படி மாற்றி ஓட்ட வேண்டும். ஆறாம் வகுப்பு திங்களன்று தொடங்கினால் ஏழாம் வகுப்பின் "வாரம்" புதனன்று தொடங்கட்டும், எட்டாம் வகுப்பினது வெள்ளியன்று. அப்போது எந்த நாளிலும் ஒரு வகுப்பில் மட்டுமே புது அறிமுகம் இருக்கும். மற்ற இரண்டில் பயிற்சியோ கலவையோ நடக்கும். துண்டுச்சீட்டுகளும் ஒரு நாளைக்கு ஒரு வகுப்பிலிருந்தே வந்து சேரும். வகுப்புக்கு 35 பேர் என்றால் மூன்று வகுப்புக்கும் 105 சீட்டுகள்; ஒரே மாலையில் பார்ப்பது சாத்தியமில்லை, 35 சாத்தியம். நோட்டுத் திருத்துவதும் இதே முறைக்கு அடங்கும்.

ஏழாம் வகுப்பின் தசம எண்களிலும் எட்டாம் வகுப்பின் விகிதமுறு எண்களிலும் ஆறாம் வகுப்பின் பின்னம் மறுபடி வருகிறது. மூன்றையும் நடத்தும் ஆசிரியருக்கு இது ஒரு நல்வாய்ப்பு: ஆறாம் வகுப்புக்குத் தயாரித்த கட்டச் செவ்வகமும் சீட்டுக் கேள்விகளும் எட்டாம் வகுப்பின் முதல் வாரத்தில், எதிர்க் குறி மட்டும் சேர்ந்து, மீண்டும் பயன்படும்.

பாடக்குறிப்பில் எழுத வேண்டியவை

நீளமான பாடக்குறிப்பு வகுப்பில் பயன்படுவதில்லை. ஒரு வாரத்துக்கு ஒரு பக்கம் போதும். அதில் வாரத்தின் ஒற்றை வாக்கியமும் வெள்ளிக் கேள்விகளும் மேலே. கணக்குகள், போடப்போகும் வரிசையிலேயே, அதன் கீழே. கேட்கப்போகும் முக்கியக் கேள்விகள் இரண்டு மூன்றையாவது சொல்லுக்குச் சொல் எழுதிவைக்க வேண்டும், ஏனென்றால் வகுப்பின் இரைச்சலில் நல்ல கேள்வி உடனே தோன்றாது. ஒவ்வொன்றுக்கும் எதிரே வரக்கூடிய தவறான விடையும். கரும்பலகையில் எது எங்கே நிற்கும் என்பதையும் சிறு படமாக வரைந்துகொள்ளலாம்: இடப்பக்கத்தில் 1/2 + 1/4 = 3/4 வாரம் முழுக்க அழியாமல் இருக்கட்டும், நடுவில் அன்றைய வேலை, வலப்பக்கத்தில் மாணவர்களின் மாற்று முறைகள். பக்கத்தின் ஓரத்தில் வாரம் முடிந்ததும் எந்தக் கணக்கு எடுபட்டது, எது எடுபடவில்லை என்று ஓரிரு வரி எழுதிவைத்தால், அடுத்த ஆண்டுத் தயாரிப்பு பாதி முடிந்துவிடும்.

குறுகிய வாரங்கள்

மூன்றாம் பருவம் ஜனவரியில் தொடங்குவதால் பொங்கல் விடுமுறை பின்னப் பாடத்தின் நடுவே வந்து விழும். விடுமுறைக்கு முந்தைய இரண்டு மூன்று நாளில் வேற்றினப் பின்னத்தைத் தொடங்கினால், திரும்பி வரும்போது காகித மடிப்பு மறந்து, விதி மட்டும் அரைகுறையாக மிஞ்சும். அந்த நாள்களைச் சமான பின்னங்களுக்கும், மீச்சிறு பொது மடங்குத் திருப்புதலுக்கும், சுற்றளவு பரப்பளவுக்கான அளவிடும் செயல்பாடுகளுக்கும் கொடுத்துவிட்டு, புதுக் கருத்தை முழு வாரம் கிடைக்கும்போது தொடங்குவது மேல். தேர்வுக்கு முந்தைய வாரத்திலும் அப்படித்தான். மழை விடுமுறையால் வாரத்தின் நடுவில் நாள் போய்விட்டால், வெட்ட வேண்டியது ஐந்தாம் பாடவேளையின் சொற்கணக்குகளில் சிலவற்றை. அவற்றை அடுத்த வாரத்தின் தொடக்கக் கேள்விகளில் ஒவ்வொன்றாகச் சேர்த்துவிட முடியும். கட்டச் செவ்வகப் பாடவேளையையும் துண்டுச்சீட்டையும் வெட்டினால் பிறகு சேர்க்க இடம் கிடைக்காது. விடுப்பில் இருந்து திரும்பிய மாணவருக்கு, நான்காம் பாடவேளையில் கட்டத்தோடு அமரும் சிறு குழுவே சேரும் இடம். 7/12 எழுதிய ஒருவரை அவருக்குத் துணையாக அமர்த்தி, படத்தைக் காட்டி விளக்கச் சொன்னால், விளக்குபவரின் புரிதலும் அங்கே சோதிக்கப்படுகிறது.